தேனில் குழைத்த பொடி

ஆகஸ்ட் 11, திங்கள்

கொளுத்தும் வெயில். சேலம் போய் வந்தது. முதுகெல்லாம் வேர்க்குரு. செருப்புக் கடை நாள் முழுக்க அண்ணன் தலையில்.

குழந்தைகள் மனநல டாக்டர், என் மகள் நஸ்ரினை அரை மணி பார்த்தார். அதற்குள் பேனா ஸ்டாண்டைக் கவிழ்த்தாள். எடை பார்க்கும் மெஷினில் நாலு தடவை ஏறி இறங்கினாள். டாக்டருடைய பிள்ளைகளின் பெயரைக்கூடக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஏ.டி.எச்.டி.யாம். எட்டு வயசுப் பிள்ளைக்கு நாலெழுத்துப் பட்டம்.

அவர் சொன்னது: ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை சொல்ல வேண்டும். செய்தால் உடனே பாராட்ட வேண்டும். பெற்றோருக்குப் பயிற்சி உண்டு (எனக்குப் பயிற்சி!). வகுப்பில் முன் பெஞ்ச், நடுநடுவே எழுந்து நடக்க விட வேண்டும். கூடவே காலையில் அரை மாத்திரை. பசி குறையலாம், தூக்கம் தள்ளிப் போகலாம், பார்த்துக்கொள்ளலாம் என்றார். யார் பார்த்துக்கொள்வது?

பிள்ளையைப் பற்றித் தினமும் குறித்து எடுத்து வரவும் சொன்னார். என் வீட்டு விஷயம் இவருக்கு எதற்கு? குறிப்பேன். காட்ட மாட்டேன்.

மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்போம் என்று மனைவி பர்வீன் பஸ்ஸில் வழியெல்லாம் கெஞ்சினாள். பெற்ற பிள்ளையை மயக்கத்தில் உட்கார வைக்க எனக்குச் சம்மதமில்லை. சீட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். சாவி என்னிடம்.

பள்ளியில் சொன்னது: காலாண்டுப் பரீட்சை வரை பார்ப்பார்களாம். அதற்குள் பிள்ளை அடங்கி உட்காராவிட்டால் டி.சி.

ஆகஸ்ட் 13, புதன்

அண்ணன் ஆளனுப்பி, கல்வராயன் மலை வைத்தியரிடமிருந்து ஒரு டப்பா பொடி வரவழைத்தார். பழுப்பு நிறம். குமட்டும் கசப்பு. காலையில் தேனில் குழைத்துக் கொடுக்க வேண்டும்.

"மலைச் சரக்குடா. கலப்படம் கெடையாது. ஒரு மண்டலம் குடுத்துட்டு பாரு."

அண்ணன் சொன்னால் எங்கள் வீட்டில் மறுபேச்சு இல்லை. பர்வீனும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அவள் வாயைத் திறக்கவில்லை என்றால் மனசுக்குள் எதற்கோ திட்டம் போடுகிறாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

தூறல். பொடி எட்டு நாள். பலன் பூஜ்ஜியம். இன்று நஸ்ரின் கடைக்கு வந்து, இடது கால் செருப்பை எல்லாம் பெட்டியிலிருந்து எடுத்து ரயில் விட்டாள். ஜோடி சேர்க்க இரண்டு மணி நேரம். மண்டலம் ஆகட்டும் என்கிறார் அண்ணன்.

பர்வீன் (இனி ப.) சனிக்கிழமை சின்னசேலம் போகிறாளாம், அவள் அக்கா வீட்டுக்கு. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு. போன மாதம்தான் அந்த அக்கா முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்றாள். என்ன திடீர்ப் பாசம்?

ஆகஸ்ட் 29, வெள்ளி

மிஸ் போன். இந்த வாரம் நஸ்ரின் உட்கார்ந்து எழுதுகிறாளாம். கணக்கில் ஒரு பக்கம் முழுக்க முடித்திருக்கிறாள். நோட்டை மூன்று தடவை புரட்டினேன். அவள் கையெழுத்தேதான்.

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் அண்ணன் நாலு பேரை நிறுத்திப் பொடிப் பெருமை.

பீரோக் கதவில் ப. ஒரு அட்டவணை ஒட்டியிருக்கிறாள். பல் தேய்த்தல், பை அடுக்குதல், யூனிபார்ம். செய்து முடித்தால் நட்சத்திர ஸ்டிக்கர். யார் சொல்லிக்கொடுத்தது இவளுக்கு?

சந்தோஷப்பட வேண்டிய நாள். பட முடியவில்லை. பத்து நாள் தூங்கிக்கொண்டிருந்த பொடி திடீரென்று எப்படி விழித்துக்கொண்டது?

செப்டம்பர் 3, புதன்

சாப்பாட்டு டப்பா மூன்று நாளாகப் பாதி அப்படியே திரும்பி வருகிறது. இன்று பிரியாணி. அதுவும்.

பசி குறையும் என்று டாக்டர் சொன்னது மாத்திரைக்கு. பொடிக்கு எப்படிக் குறையும்?

தெரிந்தவர் ஒருவர் மூட்டுவலிக்கு நாட்டு மருந்து என்று வாங்கித் தின்று ஆஸ்பத்திரியில் கிடந்தார். உள்ளே இங்கிலீஷ் மாத்திரையை அரைத்துக் கலந்திருந்தார்களாம். கருணாபுரத்தில் கள்ளச்சாராயத்தால் அத்தனை வீட்டில் எழவு விழுந்த பிறகும், எதில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்காமல் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறேன். என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

நானே ஒரு ஸ்பூன் தின்றேன், உட்கார வைக்கிறதா என்று பார்க்க. உட்காரத்தான் வைத்தது, மூன்று தடவை, கக்கூஸில்.

செப்டம்பர் 7, ஞாயிறு

மலை வைத்தியரைப் பிடிக்க வெள்ளிமலை பஸ். கச்சிராயபாளையம் தாண்டியதும் காற்றில் ஈரம். மேலே சாரல். குடை கடையிலேயே.

வைத்தியருக்கு என் வயதுதான் இருக்கும். பைக் துடைத்துக்கொண்டிருந்தார். போலீஸ்காரன் மாதிரி கேட்டேன். கோபப்படவில்லை. டப்பாவை வாங்கி மோந்து பார்த்தார். கடுக்காயும் வாய்விளங்கமும்தானாம். பூச்சி விழவும் வயிறு சுத்தமாகவும் கொடுப்பது. அண்ணன் அனுப்பிய ஆள் பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்று கேட்டானாம்.

"இத்த தின்னுட்டு ஒரு புள்ள அடங்கி உக்காருதுன்னா, அது வேற எதனாலயோங்க. வூட்டுல போயி பாருங்க."

என் வீட்டில் பார்க்கச் சொல்ல இவர் யார்? எல்லாத் திருடனும் இப்படித்தான் பேசுவான். இறங்கும்போது வளைவுகளில் வாந்தி.

செப்டம்பர் 8, திங்கள்

விடிவதற்கு முன் டப்பாவைக் கொட்டிக் கழுவி மல்லித்தூள் நிரப்பினேன். நிறம் கிட்டத்தட்ட அதேதான். யாருக்கும் தெரியாது. பிள்ளை பழையபடி ஓட ஆரம்பித்தால் வைத்தியர் குட்டு உடைந்துவிடும்.

செப்டம்பர் 12, வெள்ளி

மல்லித்தூள் ஐந்தாம் நாள். ஓடவில்லை. மாலையில் உட்கார்ந்து பாடப் புத்தகத்தில் இரண்டு பக்கம் வாசித்துக் காட்டினாள். அப்படியென்றால் வைத்தியர் யோக்கியர். மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அப்புறம் எது?

சில்லறை தேடி ப.வின் கைப்பையைத் திறந்தேன். (சில்லறைதான்.) உள்ளே ஒரு ரயில் டிக்கெட். சின்னசேலத்திலிருந்து சேலம். ஆகஸ்ட் 23. பெரியவர் ஒன்று, குழந்தை ஒன்று.

கேட்கவில்லை. இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 13, சனி

காலை ஆறரை. அடுப்படிக் கதவிடுக்கில் நான். ப. இரண்டு ஸ்பூனுக்கு நடுவில் எதையோ வைத்து நசுக்கினாள். வெள்ளைத் தூள். அதன் மேல் டப்பாப் பொடி ஒரு சிட்டிகை. அப்புறம் தேன்.

உள்ளே போய் நின்றேன். அவள் பதறவில்லை.

"நசுக்கி குடுக்கலாம்னு டாக்டர்தாங்க சொன்னாரு. நீங்க மல்லித்தூள் மாத்தினது அன்னிக்கே தெரியும். தேன்ல கொழம்பு வாசம்."

ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கத்தினேன். சேலத்திலிருந்து வரும்போது பஸ்ஸில் வழியெல்லாம் சொன்னேனே என்றாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அம்மா காலையில் கொடுப்பது என்ன என்று நஸ்ரினிடம் மெதுவாகக் கேட்டேன். மாத்திரை, என்றாள், ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டே.

"பெரியத்தாகிட்ட சொல்லக்கூடாது. உங்ககிட்டயும்தான் அத்தா. சொன்னா நீங்க நிறுத்திடுவீங்க. அப்பறம் மிஸ் என்ன வெளிய அனுப்பிடுவாங்க."

மிஸ் வீட்டு நாய் குட்டி போட்டதிலிருந்து எதிர் வீட்டுச் சண்டை வரை தெருவுக்கே சொல்லும் வாய். மூன்று வாரமாக மூடிக்கொண்டு இருந்திருக்கிறது. எனக்குப் பயந்து.

பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

செப்டம்பர் 15, திங்கள்

மதியம் கடையில் ஒரு அம்மா, ஆறேழு வயசுப் பையனோடு. பையன் ஷூ பெட்டிகளின் மேல் ஏறிவிட்டான். அண்ணன் ஆரம்பித்துவிட்டார்: மலை, பொடி, தேன். அந்த அம்மா முகத்தில் ஒரு வெளிச்சம்.

"எங்களுக்கும் மாத்திர குடுத்திருக்காங்க பாய். மனசே வரல. அத்த நிறுத்திட்டு இத்த குடுக்கட்டுமா?"

அண்ணன் என்னைக் கைகாட்டினார். "இவன் பொண்ணுதாம்மா. இவனையே கேளு."

துடைத்த செருப்பையே துடைத்துக்கொண்டிருந்தேன். சொன்னால் அண்ணன் முகத்தில் கரி. பர்வீன் மேல் பழி. சொல்லாவிட்டால் அந்தப் பையன்.

"நிறுத்தாதம்மா. எங்க பொண்ணுக்கு கேட்டது பொடி இல்ல. மாத்திரதான். எதுன்னாலும் டாக்டர கேட்டு செய்யி."

அண்ணன் தொழுகைக்கு என்று எழுந்து போனார். அஸருக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. வீட்டிலும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கிறபோது பார்க்கட்டும்.

செப்டம்பர் 16, செவ்வாய்

காலாண்டு முதல் நாள், தமிழ். பீரோவைத் திறந்து சீட்டை ப.விடம் கொடுத்தேன். சாவியையும்.

சனிக்கிழமை சேலம், மூன்று பேரும். பசி விஷயம் கேட்க வேண்டும். இந்த நோட்டை டாக்டரிடம் காட்ட வேண்டும். சில பக்கங்களை மட்டும்.

காலை ஏழு. நஸ்ரின் இரண்டு இட்லி. அரை மாத்திரை, இன்று நான் கொடுத்தேன். தேன் பாட்டிலை எடுத்ததும் மூக்கைச் சுருக்கினாள். தண்ணீரே போதுமாம். முதல் நாளிலிருந்தே அவளுக்குத் தேன் பிடிக்காதாம்.