லாண்டி வரைந்து அனுப்பிய முற்றம்

இசமால்,
ஆகஸ்ட் 19.

அக்கா லாண்டிக்கு, தங்கை நெல்சி எழுதுவது.

உன் நலம் விசாரிக்க இதை எழுத உட்காரவில்லை. போனில் நீ பேச ஆரம்பித்தால் நான் "சரிக்கா, சரிக்கா" என்று தலையாட்டிவிட்டு வைத்துவிடுகிறேன். கடிதத்தில் நீ நடுவே புகுந்து என் வாயை அடைக்க முடியாது. சிகாகோவுக்குத் திரும்பும் நம் தெரு மிர்னாவிடம் கொடுத்தனுப்புகிறேன். கடைசி வரி வரைக்கும் படி.

முதலில் முற்றத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உனக்கு அதுதானே முக்கியம். நீ வரைந்து அனுப்பினபடி எல்லாம் முடிந்துவிட்டது. துணி துவைக்கிற தொட்டியை உடைத்து அந்த இடத்தில் நீரூற்று வைத்தாயிற்று. அம்மா சமையல் கொழுப்பு வந்த காலி டின்களில் வளர்த்த மிளகாய்ச் செடிகளை அப்புறப்படுத்திவிட்டு, ஒரே அளவில் ஒன்பது மண்தொட்டிகள். நாரத்தை மரத்தில் சரவிளக்கு. பூங்காவில் காதலர்கள் தோளோடு தோள் உரசி எதிரெதிரே உட்காருவார்களே, அந்த வளைந்த சிமெண்ட் நாற்காலியில் இரண்டு. அதில் யார் முகத்தை யார் பார்க்கப் போகிறோமோ தெரியவில்லை. அப்புறம் வெள்ளை மெத்தை போட்ட சோபா. இந்த மழைக்காலத்தில் அந்த மெத்தைகளை ஒரு நாளைக்கு மூன்று தடவை உள்ளே தூக்கிப் போட்டு வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

நவம்பரில் உன் மகள் கிம்பர்லியின் கல்யாணத்துக்கு வருகிற சம்பந்தி வீட்டாரை 'வாங்க வாங்க' என்று கூப்பிடுகிற முற்றமாக இருக்கவேண்டும் என்று படத்தின் அடியில் எழுதியிருந்தாய். கூப்பிடுகிறது, சந்தேகமே இல்லை. தெருவில் இருக்கிற பூனையெல்லாம் உன் சோபாவில்தான் படுத்திருக்கிறது.

இப்போது சுவருக்கு வருகிறேன். தாழ்வாரத்துச் சுவர் வழவழவென்று மஞ்சள் பூச்சோடு, ஒரு ஆணிகூட இல்லாமல் இருக்கவேண்டும் என்று வரைந்திருந்தாய். காஸ்பர் மேஸ்திரி உளியோடு வந்தவர் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா நெல்சி, இந்தக் கொக்கி ரெண்டும் உங்கம்மா படுக்கிற வலைத்தூளி கட்டுறதாச்சே? இதையும் பிடுங்கச் சொல்லிப் படத்துல போட்டிருக்கு. உங்கக்கா மறந்துபோய் வரைஞ்சிட்டாங்களா?" என்று கேட்டார். "செத்தவங்க கொக்கியைத்தான் பிடுங்குவாங்க. உசிரோட இருக்கிறவங்க கொக்கியில நான் எப்படிம்மா கைவைக்கிறது?" என்றார்.

உனக்குப் போன் செய்தேன், ஞாபகம் இருக்கிறதா? "அம்மாவுக்கு நல்ல கட்டிலா வாங்கி உள் அறையில போடுடி. வர்றவங்க கண்ணு முன்னாடி வலையில தொங்கிக்கிட்டுக் கிடந்தா நல்லாவா இருக்கும்?" என்றாய். எழுபத்தொன்பது வருஷமாக அம்மா வலைத்தூளியைத் தவிர வேறெதிலும் படுத்ததில்லை. நம் இரண்டு பேரையும் பெற்றதே அதில்தான். சிகாகோவில் மெத்தை வாங்கியதும் உனக்கு அது அசிங்கமாகிவிட்டது.

ஆனால் என் மேலும் தப்பு உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். உன்னோடு சண்டை போட்டு அந்தக் கொக்கிகளைக் காப்பாற்றியிருக்கலாம். நான் போடவில்லை. 'இவள் கேட்டதை இவளுக்கு அப்படியே செய்து கொடுப்போம், நவம்பரில் வந்து பார்த்து வெட்கப்படட்டும்' என்று ஒரு வன்மம். மேஸ்திரியிடம் போய், "படத்துல என்ன இருக்கோ அதைச் செய்யுங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு உளியைச் சுவரில் வைத்தார்.

வேலை முடிந்த அன்று சாயங்காலம், வெயில் தணிந்ததும் அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். நாரத்தை இலைகளுக்கு நடுவே விளக்குகள் எரிந்தன. அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "உள்ள வரலாங்களா?" என்று கேட்டாள். கேலி என்று நினைத்து நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சோபாவின் நுனியில், யார் வீட்டுக்கோ துக்கம் கேட்கப் போனவள் மாதிரி ஐந்து நிமிஷம் உட்கார்ந்தாள். "அழகா இருக்குடி. எனக்குத்தான் எங்க உக்காரணும்னு தெரியல" என்றாள். பிறகு தானாகவே உள் அறைக்குப் போய்விட்டாள்.

கட்டிலில் படுத்த மூன்றாம் நாள் விடியற்காலையில் விழுந்தாள். வலை உடம்போடு சேர்ந்து வளையும் என்று புரண்டிருக்கிறாள். கட்டில் வளையுமா? ஓடிப்போய்ப் பார்த்தபோது வலியில் அழக்கூட இல்லை. "கட்டிலுக்கு ஒண்ணும் ஆகலையே? லாண்டி வாங்கச் சொன்னது" என்றுதான் கேட்டாள்.

உன்னிடம் 'சின்ன அடி' என்று சொன்னேன். பொய். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. உண்மையைச் சொல்லத்தான் போன் செய்தேன். ஆனால் நீ எடுத்ததும் கேட்டது என்ன? மஞ்சள் நிறம் படத்தில் இருந்த மாதிரி வந்திருக்கிறதா என்று. அம்மா விழுந்துவிட்டாள் என்றதும் அடுத்த கேள்வி, "நவம்பருக்குள்ள எழுந்து நடந்துடுவாங்கல்ல? போட்டோல சக்கர நாற்காலி தெரிஞ்சா நல்லா இருக்காது." தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். உனக்கு அதுவும் ஆடவில்லை. அன்றைக்கு உன்னை எவ்வளவு வெறுத்தேன் என்று எழுதினால் இந்தக் காகிதம் தாங்காது.

பக்கத்து நகரம் மெரிடாவில் ஆறு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். இதயம் இருக்கிற நிலையில் அறுவை சிகிச்சை முடியாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா கட்டிலைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் காஸ்பர் மேஸ்திரி மாதா கோயில் பூசை முடிந்த கையோடு வந்து, உன் வழவழப்பான சுவரைத் துளைத்துப் பழைய இடத்திலேயே கொக்கிகளை அடித்தார். பூச்சு இரண்டு கை அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. விழட்டும். ஒரு போர்வையில் வைத்து நாலு பேராக அம்மாவைத் தூக்கித் தூளியில் கிடத்தினோம். இடுப்பு அசையாமல் இருக்க இரண்டு பக்கமும் உன் வெள்ளை மெத்தைகளை வெட்டி அண்டக் கொடுத்திருக்கிறேன். மழையில் தூக்குகிற வேலை மிச்சம்.

மேஸ்திரி கருவிகளை மூட்டை கட்டும்போது அம்மா அவரைக் கூப்பிட்டாள். "பக்கத்துல இன்னொரு ஜோடி அடிச்சிட்டுப் போப்பா. லாண்டி வந்தா எங்க படுப்பா?" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நீ சம்பந்திகளோடு ஓட்டலில் அறை எடுத்திருப்பது அவருக்கும் தெரியும், ஊருக்கே தெரியும். அம்மாவுக்கு மட்டும் தெரியாது. நான் தலையாட்டினேன், அவர் அடித்துவிட்டுப் போனார்.

ஓட்டல் விஷயத்தை நான் சொல்லப்போவதில்லை. உனக்குத் துணிவிருந்தால் நீயே வந்து, அந்தக் கொக்கிகளைப் பார்த்துக்கொண்டு சொல்.

நம் ஊர் மாதா உன்னையும் கிம்பர்லியையும் காக்கட்டும். இதை நான் சொல்லவில்லை, அம்மா எழுதச் சொன்னாள். நவம்பர் வரைக்கும் தெம்பாக இருப்பதாகவும், நீ அவசரப்பட்டு அலைய வேண்டாம் என்றும் எழுதச் சொன்னாள். டாக்டர் நவம்பர் என்று சொல்லவில்லை அக்கா.

உன் தங்கை,
நெல்சி.