கோடு வரைக்கும் நல்ல தண்ணீர்

அண்ணே,

கடைக்குப் பின்சந்தில் உங்கள் மீன் தொட்டி காலியாக வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறது. உப்பும் பாசியும் கலந்த வாடை கல்லா வரைக்கும் வருகிறது. சட்டைக் கையை மடித்துவிட்டுத் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவிவிட்டு, ஈரக் கையோடு வந்து என் பக்கத்தில் நிற்பீர்களே, அதே வாடை. காலையிலிருந்து இரண்டு மூன்று தரம் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

தொட்டி ஒழுகிவிட்டது அண்ணே. டத்தோ கிராமாட் சாலையில் பைப்பும் வால்வும் விற்கிறவன் கடையில், ஒழுகல் அடைக்கிற சிலிக்கான் டியூப் அடுக்கியிருக்கிற அலமாரிக்கு எதிரிலேயே, ஒழுகியிருக்கிறது. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் சிரிக்கிறார்கள். நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

நீங்கள் அதை வாங்கி வந்த நாளில் நான் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. "பைப் கடைக்கு மீன் எதுக்குண்ணே? அதுவும் உப்புத் தண்ணி மீனு!" நீங்கள் அசரவில்லை. "பைப் வாங்க வர்றவன் எல்லாம் வீட்ல தண்ணி ஒழுகுற கோவத்துல வர்றான் தம்பி. ரெண்டு நிமிஷம் மீனப் பாத்தான்னா, வெல சொல்றப்ப கத்த மாட்டான் லா." நீங்கள் சொன்னது சரிதான் என்று ஒரு மாதத்திலேயே தெரிந்துவிட்டது. அதை உங்களிடம் நான் சொல்லவே இல்லை. கூட்டாளியிடம் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டால் வியாபாரம் நடக்காது.

நாம் இரண்டு பேரும் ஒரே மோட்டார் சைக்கிளில் குழாய்ச் சாமான் தூக்கிக்கொண்டு சுங்கை பினாங் அடுக்குமாடிகளில் ஏறி இறங்கிய காலத்திலிருந்தே சண்டைதான். எந்தச் சரக்கை எடுப்பது, யாருக்குக் கடன் கொடுப்பது, மதியம் எங்கே சாப்பிடுவது, எல்லாவற்றுக்கும். கடைசி நாளும் அப்படித்தான். டைல்ஸ் வியாபாரத்தில் இறங்கலாம் என்றேன். வேண்டாம் என்றீர்கள். "சாப்பிட்டுட்டு வந்து பேசிக்கலாம்" என்று கிளம்பினீர்கள். நாசி கண்டார் சாப்பாட்டுக் கடையில் கை கழுவ எழுந்தவர், குழாயைத் திறந்தபடியே சாய்ந்துவிட்டீர்கள்.

அதற்குப் பிறகு நான் டைல்ஸ் பக்கம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கலாம் என்று வருடக்கணக்காகச் சண்டை போட்டவன், திறக்கவில்லை. உங்கள் நாற்காலியை நகர்த்தவில்லை. நீங்கள் வேண்டாம் என்றதெல்லாம் வேண்டாம், சரி என்றதெல்லாம் சரி. செத்தவரிடம் எப்படி அண்ணே எதிர்த்துப் பேசுவது?

தொட்டியும் அப்படித்தான். கண்ணாடியில் கருப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டுச் சொன்னீர்கள்: "ஃபேன் காத்துல தண்ணி கொறையும் தம்பி, உப்பு எங்கயும் போவாது. கோடு வரைக்கும் நல்ல தண்ணிய ஊத்து. வேற எதையும் நோண்டாத." ஊற்றினேன். தினமும் காலையில், வேறு வேலை தொடுவதற்கு முன்னால். சில மாதமாக அதிகம் ஊற்ற வேண்டியிருந்தது. வெயில் காலம் என்று நினைத்துக்கொண்டேன். பெட்டியில் ஒரு எல்போ மூட்டு குறைந்தால் கண்டுபிடிக்கிறவன் நான். என் கண்ணெல்லாம் அந்தக் கோட்டில்தான் இருந்தது.

முதலில் சுருங்கியது பூ. கல்லில் ஒட்டி வாழும் கடல் சாமந்தி என்ற பிராணிக்கு நீங்கள் வைத்த பெயர். நீங்கள் கொண்டுவரும்போது உள்ளங்கையில் அடங்கியது, பிறகு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு விரிந்து நின்றது. அது அழுகிய தக்காளி மாதிரி சுருண்டு கிடந்தது. அதற்குள்ளேயே குடியிருந்த கோமாளி மீன் வெளியே வந்து, மேல் மூலையில் தனியாக நின்றுகொண்டிருந்தது. நான் இன்னும் ஒரு ஜக் ஊற்றினேன்.

கல்லாவில் இருக்கும் மலர்தான் தரையைத் துடைக்கும்போது கூப்பிட்டாள். "பாஸ், இங்க வாங்களேன். இது என்ன, சுண்ணாம்பா?" தொட்டியின் பின்பக்கம், சுவரோடு ஒட்டிய மூலையில், மேலிருந்து கீழே வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. போகவே போகாது என்று நீங்கள் சொன்ன உப்பு.

பிறையில் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கும் செல்வி அக்காவுக்கு ஃபோன் போட்டேன். உங்களுக்கு அந்தப் பூவை விற்றவர். பாலம் தாண்டி வந்து, ஒரு சொட்டுத் தண்ணீரை உப்பு அளக்கும் கருவியில் விட்டுப் பார்த்துவிட்டு என்னை முறைத்தார்.

"தம்பி, இது கடல் தண்ணி இல்ல. ரசம். அதுவும் உப்புப் போடாத ரசம். தண்ணி காத்துல போனா உப்பு தங்கும். ஒழுகிப் போனா உப்பும் சேந்துதான போவும்? யாரு உங்கள நல்ல தண்ணிய ஊத்திக்கிட்டே இருக்கச் சொன்னது?"

"அண்ணன் சொன்னாரு."

"அவரு ஒழுகாத தொட்டிக்குச் சொன்னாரு. ஒழுகுற தொட்டிக்கு வேற சொல்லியிருப்பாரு. கேட்டிருக்கலாம்ல?" சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஒட்டுப் போட்டுச் சமாளிக்கலாமா என்றேன். பழைய சிலிக்கான் எல்லாப் பக்கமும் விட்டுவிட்டது, வேறு தொட்டிதான் என்றார். பூ பிழைக்குமா என்று கேட்டேன். "பாப்போம் லா" என்றார். அந்த 'பாப்போம்' எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் உங்களுக்கும் அதையேதான் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை புதுத் தொட்டி வேனில் வந்தது. தண்ணீரை டிரம்களில் இறக்கினோம். மீனை ஒரு வாளியில் விட்டு, காற்றுக் குழாய் போட்டோம். பூவைப் பிய்க்கக் கூடாது என்று செல்வி அக்கா சொன்னதால், அது ஒட்டியிருந்த கல்லை அப்படியே தண்ணீருக்குள்ளேயே வாளிக்கு மாற்றினோம். அடியில் இருந்த மணலைக் கிளறியதும் அழுகின முட்டை நாற்றம். நீங்கள் பார்த்துப் பார்த்து வாங்கிய வெள்ளை மணல், கீழே கருப்பாகக் கிடந்தது. அதைக் கொட்டச் சொன்னேன்.

"பாஸ், அண்ணன் இருந்தா திட்டுவாரு."

"திட்டட்டும்."

கடைசித் தண்ணீரும் வடிந்தபோது கோடு மட்டும் கண்ணாடியில் நின்றது. அதற்கு மேலேயும் ஒன்றுமில்லை, கீழேயும் ஒன்றுமில்லை. இத்தனை நாள் இதற்கா தண்ணீர் ஊற்றினேன் என்று இருந்தது. வேலை பாதியில் கிடக்க, கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன்.

திரும்பி வந்ததும் செல்வி அக்கா கேட்டார்: "புதுசையும் வாசல்லயே வச்சிரவா?"

"உள்ள, கல்லாகிட்ட."

சொல்லி வாய் மூடவில்லை, உங்கள் குரல் கேட்டது. 'உள்ள வச்சா எவன் பாப்பான்?' வாடிக்கைக்காரனிடம் பேசுகிற அந்தத் தோரணையில். நானும் விடவில்லை. "வாசல்ல வெயில் அடிச்சுப் பாசி புடிக்குதுண்ணே! வர்றவன் போறவன் எல்லாம் கண்ணாடியத் தட்டுறான். வேணும்னா உள்ள வந்து பாக்கட்டும்!" சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. மலரும் செல்வி அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கல்லைத் தூக்கப் போனார்கள்.

உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றச் சொல்லியிருக்கிறார் செல்வி அக்கா. ஊற்றுவதற்கு முன்னால் நானே அளக்கிறேன். பூ தானாக நகர்ந்து, நாங்கள் வைத்த இடம் பிடிக்காமல், பம்புக்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டது. இன்று பாதி விரிந்திருக்கிறது. மீன் அதைச் சுற்றி வருகிறது, இன்னும் உள்ளே போகவில்லை. பிழைத்துவிட்டது என்று சொல்லமாட்டேன்.

ஆனால் ஒன்று. நீங்கள் சொன்னதை எல்லாம் தலையாட்டிச் செய்துகொண்டிருந்த நாளெல்லாம் நீங்கள் இந்தக் கடையில் இல்லை. சுவரில் மாலை போட்ட படமாக இருந்தீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஓயாமல் பேசுகிறீர்கள். வால்வுக்கு விலை சொன்னால் அதிகம் என்கிறீர்கள். கடன் கொடுத்தால் அவனுக்கா என்கிறீர்கள். மலர் இல்லாத நேரம் பார்த்து நானும் பதில் சொல்கிறேன்.

டைல்ஸ் கம்பெனிக்காரர் நாளை வருகிறார். வேண்டாம் என்று ஆரம்பிப்பீர்கள், தெரியும். ஆரம்பியுங்கள் அண்ணே. நான் ஒத்துக்கொள்ளப் போவதில்லை.