பெட்டிக்குள் பிராணவாயு கூடியது

ரரோதொங்கா தீவு,
புதன்கிழமை.

அன்புள்ள கணவர் நாமெதுவாவுக்குத் தெபாயேரு எழுதுவது. நானும் பிள்ளைகளும் சுகம். கப்பலில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? காய்கறிப் படகில் அவித்த சேப்பங்கிழங்கோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். தொலைபேசியில் பேசினால் உங்கள் அதிகாரி காதில் விழுமாமே, அதனால்தான் காகிதம்.

சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. சமையலறைக் கூரை ஒழுகுகிறது. அதெல்லாம் கிடக்கட்டும், எனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை.

நேற்று தேவாலய மண்டபத்தில் கூட்டம். காயலில் ராவுய் என்று ஊர்த்தடை போட்டால் அது நீங்கும்வரை ஒரு சிப்பியைக்கூட யாரும் தொடமாட்டோமே, அதே போல ஆழ்கடலுக்கும் போட்டால் என்ன, நீங்கள் கடலடியில் ஆராயும் அந்தக் கறுப்புக் கற்களை உலோகத்துக்காக யாரும் அள்ளாமல் இருக்கட்டுமே என்றார் ஊர்த் தலைவி. உடனே உங்கள் அண்ணன் மாரா எழுந்து, வெயிலே படாத இடத்துல பாசி ஏது, காத்து ஏது, அங்க மூச்சு விடுறது யாரு, நம்ம பாட்டனா என்று கேட்டார். மண்டபமே சிரித்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன விடுப்பில் நீங்கள் என்ன சொன்னீர்கள்? கடலடியில் கற்களோடு சேர்த்து மூடிய பெட்டிக்குள், உயிர்கள் மூச்சு விட விடப் பிராணவாயு குறைய வேண்டியது, கூடிவிட்டது. கருவி கெட்டுப்போச்சு என்றார் அதிகாரி. நீங்கள் புதுக் கருவி வைத்தீர்கள், மறுபடியும் கூடியது. அந்தக் கற்களே மின்கலம் மாதிரி கடல்நீரைப் பிரித்துப் பிராணவாயுவை உண்டாக்குகின்றனவோ, கல்லில் ஒட்டிய கடற்பஞ்சும் பக்கத்துக் கடலட்டைகளும் அதைச் சுவாசித்துத்தான் பிழைக்கின்றனவோ என்று நீங்கள்தானே படுக்கையில் புரண்டீர்கள்? இன்னும் உறுதியில்ல, வெளிய சொன்னா வேலை போயிடும், வாயத் திறக்காத என்றீர்கள். நேற்றும் திறக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் முடிவெடுக்கிறார்கள். உறுதியில்லை என்றால் உறுதியாகும்வரை பொறுக்கலாமே! எல்லாவற்றையும் அள்ளிய பிறகு தெரிந்து என்ன பிரயோசனம்? இதைச் சொல்ல அந்த மண்டபத்தில் என்னை விட்டால் ஆளில்லை. உங்கள் வேலை போனால் கூரையை மாற்றக்கூடக் காசிருக்காது என்று தெரியும், அதற்காகச் சும்மா இருக்கவும் முடியவில்லை.

படகு அதற்கு முன்பே திரும்பிவிடும். சொல்லு என்று ஒரே ஒரு வார்த்தை எழுதியனுப்புங்கள். பதில் வராவிட்டாலும் நான் எழுந்து நிற்பேன், என்னை உங்களுக்குத் தெரியும்.

ஆண்டவர் உங்களைக் காப்பாராக. கோபத்தோடு வந்தாலும் பரவாயில்லை, வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

உங்கள்
தெபாயேரு