பூட்டுப் போட்ட பாட்டு

ஏப்ரல் 12, வெள்ளி

மதியம் வரை ஈப்போவில் மண்டையைப் பிளக்கும் வெயில். துணி காய்ந்ததும் மழை. மறுபடி எல்லாம் நனைந்தது. என் நேரம்.

அக்கா போன் செய்தாள். தொண்டையில் அறுவைச் சிகிச்சை ஆனதிலிருந்து அவள் பேசினால் வெறும் காற்றுதான் வருகிறது. காதோடு ஒட்டி வைத்துக் கேட்டேன்.

"பாப்பா, என் பாட்டு உங்கிட்ட இருக்குலா? அந்தக் கொரல் மேல போற எடம் மட்டும் ஒரு தடவ கேக்கணும்."

கல்யாண வீடுகளில் பாடித் திரிந்த காலத்தில் அவள் பதிவு செய்த ஒரே பாட்டு. இணையக் கடையில் விற்றாள். எவனும் திருடக் கூடாது, வாங்கியவர் கணினியில் மட்டும் பாடும்படி பூட்டுப் போட்டுத்தான் விற்கணும் என்று பிடிவாதம் பிடித்ததும் அவளே. கூடப் பிறந்தவளுக்கும் சும்மா கிடையாது! "காசு குடுத்துக் கேளுலா" என்றாள். வாங்கினேன்.

அந்தக் கடை மூடி வருடங்கள் ஆகின்றன. அக்காவிடம் இருந்தது வெள்ளத்தில் போயிற்று. மிச்சம் இருப்பது நான் வாங்கியது, என் பழைய லேப்டாப்பில் மட்டும்.

ஏப்ரல் 13, சனி

பாட்டைப் பென்டிரைவில் ஏற்றி, பக்கத்து வீட்டுக் கணினியில் போட்டுப் பார்த்தேன். அனுமதி இல்லையாம். என் லேப்டாப்பில் மட்டும் சமர்த்தாகப் பாடுகிறது.

ஸ்பீக்கர் பக்கத்தில் கைப்பேசியை வைத்துப் பதிவு செய்தேன். கேட்டால், பின்னால் சலவை இயந்திரம். போதாக்குறைக்கு நான். கூடவே பாடியிருக்கிறேன், பாடுவதே தெரியாமல்! அழிக்க வேண்டும்.

லேப்டாப்பையே தூக்கிக்கொண்டு போவதுதான் சரி. நாளை காலை பஸ்.

எடுத்துப் போக: லேப்டாப். சார்ஜர் (பேட்டரி செத்தது). மாமாவுக்குக் கொறிக்கக் கச்சாங் கடலை.

மறக்காதே: லேப்டாப்பை இணையத்தில் சேர்க்கவே கூடாது. சேர்த்தால் அனுமதி கேட்டுக் கடையைத் தேடும். கடைக்கு எங்கே போவது?

அக்கா குரல் கேட்டு எத்தனை நாள். நாளைக்கு அவள் பக்கத்தில்தான் இருப்பேன். இருந்தும் ஏக்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 14, ஞாயிறு

ஹுத்தான் மெலிந்தாங், அக்கா வீடு. புழுக்கம். வீடு முழுக்க மீன் குழம்பு வாசனை.

அக்கா தலைவாரி, பெரிய பொட்டு வைத்து, மேடைக்குப் போகிறவள் மாதிரி தயாராக இருந்தாள். லேப்டாப்பை மேசையில் வைத்து, சார்ஜரைச் செருகிவிட்டுக் கை கழுவப் போனேன். அவ்வளவுதான்.

திரும்பி வந்தால் மாமா முகமெல்லாம் பல். அக்காவின் கணவர். யார் வீட்டில் எது கெட்டாலும் கழற்றிப் பார்க்கிறவர்.

"ரொம்ப ஸ்லோலா பாப்பா. வைஃபை போட்டு அப்டேட் பண்ணிட்டேன். இப்ப பறக்கும் பாரு."

பறந்துதான் போயிற்று. பாட்டை அழுத்தினேன். அனுமதி கேட்டது. சுற்றிச் சுற்றிக் கடையைத் தேடியது. வைஃபையை அணைத்தும் பார்த்தேன். திறக்கவில்லை.

"அலாமா! நான் நல்லதுக்குத்தானே..." மாமா உட்கார்ந்துவிட்டார். பாவம், அவரிடம் யார் சொன்னார்கள்?

அக்கா பொட்டும் கிட்டுமாக அப்படியே இருந்தாள். எனக்குத் தாங்கவில்லை. கைப்பேசியை எடுத்தேன். நல்லவேளை, அழிக்கவில்லை.

சலவை இயந்திரச் சத்தத்துக்கு நடுவே அக்கா பாடினாள். என்ன குரல்! கண்ணை மூடிக் கேட்டாள். மேலே போகிற இடம் வந்தது. சரியாக அங்கே நான். அவள் குரலே கேட்காதபடி, சுருதியில்லாமல், முழுத் தொண்டையில்.

அக்கா கண்ணைத் திறந்தாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"அந்த எடத்துல மட்டும் ஒனக்கு வாய மூடவே தெரியாதாடி?"

பிறகு, "இன்னொருக்கா போடு."

போட்டேன். அந்த இடம் வந்ததும் அக்கா வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. கைப்பேசியில் நான் கத்திக்கொண்டிருந்தேன்.