ஒன்றரை ஷிப்ட் பாடம்

இன்று காலை, ஆசிரியர் பயிற்சிக்காக என் வகுப்புக்கு வந்திருக்கும் பெண் கரும்பலகையைப் பனியன் வேஸ்டால் துடைத்தாள். பனியன் கம்பெனியிலிருந்து யாரோ ஒரு பிள்ளையின் அப்பா புதிதாகக் கொடுத்துவிட்ட வெட்டுத் துணி. அதன் வாசனை சாக்பீஸ் தூளோடு கலந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்வரை வந்தது. அவள் ஒரு கடிகாரம் வரைந்தாள். திரும்பி, "உங்க அம்மா எத்தனை ஷிப்டு பாக்கறாங்க, கண்ணுகளா?" என்று கேட்டாள்.

உன் கேள்வி. நீ போய் மூன்று வருடத்துக்குப் பிறகு, உன்னைப் பார்த்தேயிராத ஒருத்தியின் வாயில்.

வகுப்பு கலகலத்தது. "எங்கம்மா ஒண்ணுங்க டீச்சர்!" "எங்கம்மா ஒண்ணரைங்க!" அவள் சிரித்துக்கொண்டே, மூலையில் பேசாமல் இருந்த ஒரு சிறுமியை நோக்கிக் கை நீட்டினாள். நான் எழுந்துவிட்டேன். "அந்தப் புள்ளைய விட்டுடுங்க." என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சிறுமியின் வீட்டில் எல்லோரும் நலம்தான். வாயில் மிட்டாய் இருந்ததால்தான் அவள் பேசவில்லை.

நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். பெருமாநல்லூர்ப் பக்கத்துப் பள்ளியில் நாம் இருவரும் பயிற்சிக்குப் போன முதல் வாரம் சிரித்த மாதிரி. 'அரை, கால், முக்கால்' நடத்துவதற்கு நான் இரண்டு நாள் உட்கார்ந்து தெர்மகோலில் ஆப்பிள் செய்து, சிவப்பு அடித்துக் கொண்டுபோனேன். பாதியாகப் பிரித்துக் காட்டியதும் முன்வரிசைப் பையன் கேட்டான்: "தக்காளிங்களா டீச்சர்?" பஸ்ஸில் வரும்போது நீ கண்ணில் நீர் வரச் சிரித்தாய். பிறகு, தென்காசிப் பக்கத்திலிருந்து உன் அப்பா அம்மாவோடு வந்த அந்தப் பேச்சில் சொன்னாய்: "ஆப்பிளு நல்லாத்தான் இருக்குட்டி. ஆனா அந்தப் பிள்ளைக வீட்ல என்னைக்கு ஆப்பிள வெட்டியிருக்காக? அதுக தெனமும் காதுல கேக்குற அரை எதுன்னு பாரு."

இடைவேளைகளில் நான் பாடக்குறிப்பு நோட்டில் சிவப்பு மையால் கோடு போட்டுக்கொண்டிருப்பேன். நீ தண்ணீர்க் குழாயடியில் பிள்ளைகளோடு உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருப்பாய். வேலையைத் தட்டிக் கழிக்கிறாய் என்றுதான் நினைத்தேன். பயிற்சியில் சேரும் முன் இரண்டு வருடம் கம்பெனியில் துணி செக்கிங் பார்த்த உனக்கு, எதையும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்காமல் விடத் தெரியாது என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

செய்முறைத் தேர்வுக்கு என்று நீ எழுதிவைத்திருந்த பாடத்தை ஒருநாள் பஸ்ஸில் எனக்குப் படித்துக் காட்டினாய். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். இன்னொரு நாலு மணி நேரம் சேர்ந்தால் ஒன்றரை. கடிகாரத்தில் வண்ணம் தீட்டினால் பிள்ளைகளே அரையைக் கண்டுபிடித்துவிடுவார்கள். "எப்படிட்டி இருக்கு?" என்றாய். நன்றாக இருக்கிறது என்றேன். அன்று வீட்டுக்குப் போய்ப் பொறாமையில் சாப்பிடவில்லை.

தேர்வு நாளில், அதே வகுப்பில், என் முறை உனக்கு முன்னால் வந்தது. நான் காகிதத்தில் தோசை வெட்டி வைத்திருந்தேன். எனக்கு முன் ஒருத்தி பாடம் எடுத்தபோது தேர்வாளர் கொட்டாவி விட்டதைப் பார்த்தேன். தோசைகளை மேசையிலேயே விட்டுவிட்டு, கரும்பலகையில் கடிகாரம் வரைந்தேன். உன் பக்கம் பார்க்கவில்லை.

வகுப்பு பொங்கியது. தேர்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பேசாத பிள்ளைகளையும் பேசவைக்க வேண்டும் என்று படித்திருந்தோமே, அதனால் மூன்றாம் வரிசையில் தலை குனிந்திருந்த பெண்ணை எழுப்பினேன். "உங்க அம்மா எத்தனை ஷிப்டு, கண்ணு?"

அவள் நின்றாள். பக்கத்துப் பிள்ளைதான் சொன்னாள்: "அவங்கம்மா செத்துட்டாங்க டீச்சர். ஒண்ணரை ஷிப்டு முடிஞ்சு வாரப்ப கம்பெனி வேன் கவுந்துருச்சுங்க."

"சரி, உட்காரு," என்றேன். அடுத்த பையனைக் கேட்டேன். பாடம் குறித்த நேரத்தில் முடிந்தது. 'வகுப்பறை உயிரோட்டமாக இருந்தது' என்று தேர்வாளர் எழுதினார்.

அடுத்து நீ. உனக்குப் பாடம் இல்லை. மேசையில் கிடந்த என் காகிதத் தோசைகளை எடுத்தாய். நேராக அந்தப் பெண்ணிடம் போய், குனிந்து காதில் ஏதோ சொல்லி, கத்தரியை அவள் கையில் கொடுத்தாய். அவள் முன்னால் வந்து தோசையை வெட்டினாள். கால், அரை, முக்கால். முழு வகுப்பும் அவள் வெட்டுவதைப் பார்த்தது. 'பழைய முறை' என்று எழுதி உனக்கு மதிப்பெண்ணைக் குறைத்தார் தேர்வாளர்.

பஸ்ஸில் நீ என்னைத் திருடி என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஜன்னலைப் பார்த்தபடி, "நாலு பேருகிட்ட அந்தக் கேள்வியக் கேக்கப்படாதுன்னு கடைசிப் பக்கத்துல பேரு எழுதி வச்சிருந்தேன்ட்டி," என்றாய். "உனக்கு முன்பக்கந்தான படிச்சுக் காட்டினேன்." ஏதோ உன் தவறு போல.

பிறகு நீ குண்டடம் பக்கம் வேலைக்குப் போனாய், நான் இங்கே. பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பிக்கொண்டோம். நேரில் பார்க்கும்போது மன்னிப்புக் கேட்கலாம் என்று இருந்தேன். காய்ச்சல் என்று மட்டும் கேள்விப்பட்டேன். அடுத்த செய்தி வந்தபோது உன் உடலைத் தென்காசிக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

மணி அடித்ததும் பயிற்சிக்கு வந்த பெண் தயங்கித் தயங்கி அருகே வந்தாள். "ஏனுங்க மேடம், நான் ஏதாச்சும் தப்பாக் கேட்டுட்டனுங்களா? உங்க பாடம்தானுங்க அது. எங்க இன்ஸ்டிட்யூட்ல, தேர்வு முடிஞ்சு நீங்க எழுதிக் குடுத்த நோட்டத்தான் மாதிரின்னு காட்டுனாங்க."

"என் பாடம் இல்லீங்க அது," என்றேன். உன் பெயரைச் சொன்னேன். அந்தப் பாடத்தோடு சேர்த்து உன் பெயரை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தேர்வு நாளில் நடந்தது முழுவதையும் சொன்னேன். அவள் நின்றபடியே கேட்டாள். பிறகு மெதுவாக, "அந்தப் புள்ள பேரு என்னங்க மேடம்?" என்றாள்.

அவளுடைய இரட்டைப் பின்னல் நினைவிருக்கிறது. எழுந்து நிற்கும்போது பாவாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது நினைவிருக்கிறது. "உட்காரு" என்று சொன்ன என் குரல் ஒரு நாளும் என்னை விட்டுப் போனதில்லை. நாற்பது நாள் அந்த வகுப்பில் நின்றிருக்கிறேன். பெயரை மட்டும் கேட்டதே இல்லை.

"தெரியலீங்க," என்றேன். தெரிந்தவள் நீ ஒருத்திதான்.