ஓகே என்று மட்டும் எழுதாதே

அன்புக் கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அக்காவும் சௌக்கியம். உன் சௌக்கியத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுக்க எழுதப்போகிறேன், அதனால் நலமறிய ஆவல் என்று ஒரு வரியில் முடித்துக்கொள்ள மனசு வரவில்லை. போன் இருக்கும்போது தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாளே, இவளுக்கு என்ன ஆச்சு என்று நினைப்பாய். போனில் ஒரு கேள்வி கேட்டால் ஓகேம்மா என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. பாதியில் மடித்துப் போட்டாலும் மீதி அங்கேயே காத்துக்கொண்டிருக்கும்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். நீயே உன் வாயால் சொல், உன் வலது கைக்கு என்ன ஆனது? மூன்று வாரமாக வீடியோவில் வருவதில்லை, கேட்டால் கேமரா கெட்டுவிட்டது என்கிறாய். நானும் நம்பிக்கொண்டுதான் இருந்தேன். போன செவ்வாய்க்கிழமை மருந்துக் கடையில் உன்னோடு அறையில் தங்கியிருக்கும் கண்ணாடிக்காரனுடைய அம்மாவைப் பார்த்தேன். அவள் என் தோளைத் தொட்டு, "தம்பி கை இப்ப எப்படி இருக்கு? ரோலர்ல மாட்டிக்கிச்சாமே, ஆபரேஷன் எல்லாம் பண்ணாங்களாமே" என்றாள். என் முகத்தைப் பார்த்ததும் மீதியை மென்று முழுங்கிவிட்டாள். எனக்குச் சரியாகத் தெரியாது, என் பையன் போனில் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது என்று என்னென்னவோ சொல்லிவிட்டு, வாங்கிய மருந்தைக்கூட எடுக்காமல் கிளம்பிவிட்டாள். கடைக்காரர் பின்னாலேயே ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தார். நான் அந்தக் கடை வாசலில் நின்றே உனக்குப் போன் பண்ணினேன், ஞாபகம் இருக்கிறதா? சின்னக் காயம்தான், தையல் போட்டிருக்கிறார்கள், ஓகே என்றாய். எந்த இடத்தில் என்று கேட்டேன், ஓகேம்மா ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சு என்று வைத்துவிட்டாய். தையல் போட்ட கையை வைத்துக்கொண்டு அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் என்ன ஷிஃப்ட்டடா உனக்கு? ஆபரேஷன் என்று அந்த அம்மா சொன்னாளே, விரலுக்கா, மணிக்கட்டுக்கா, எலும்பா, நரம்பா என்று குழம்பிப்போனேன். அன்றிலிருந்து அடுப்பில் வைத்ததை மறந்துவிடுகிறேன், பஸ்ஸில் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறேன்.

இந்த ஓகே இருக்கிறதே, இப்படி ஓடியாடி உழைக்கிற ஒரு சொல்லை நான் பார்த்ததில்லை. யார் கூப்பிட்டாலும் போகும், எந்த வேலை கொடுத்தாலும் செய்யும். உன் அப்பா டிவி பார்த்துக்கொண்டே சொல்லும் ஓகேவுக்கு, நீ சொன்னது ஒன்றும் என் காதில் விழவில்லை என்று அர்த்தம். அக்கா இரண்டு தடவை ஓகே ஓகே என்றால் போதும் நிறுத்து என்று அர்த்தம். மாப்பிள்ளையிடம் ஏதாவது உதவி கேட்டால் ஓகே என்று இழுப்பார், உடனே நான் வேறு ஆளைத் தேட ஆரம்பித்துவிடுவேன். வாஷிங்மிஷின் ரிப்பேர்காரர் மூடியைத் தட்டி ஓகே என்றால் அவர் தெருமுனையைத் தாண்டும்வரை நன்றாக ஓடும். டாக்டர் பேனாவை மூடிக்கொண்டே ஓகே என்றால் எழுந்து போ, அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்று அர்த்தம். எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் போன வாரம் கல்யாணம் ஓகே ஆகிவிட்டது, அது சந்தோஷமான ஓகே. ஆனால் பையன் எப்படி என்று அவளிடம் தனியாகக் கேட்டேன், ஓகே ஆன்ட்டி என்றாள், அதைக் கேட்டு எனக்கே கொஞ்சம் கவலையாகிவிட்டது. உன் ஓகேக்களும் எனக்கு அத்துப்படி. வீட்டுக்கு வந்ததும் பையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பசியோடு சொல்வது, பரீட்சை சரியாக எழுதாமல் தரையைப் பார்த்துச் சொல்வது, சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கால் ரத்தத்தைப் புத்தகப் பையால் மறைத்துக்கொண்டு சொன்னது. இந்த மூன்று வாரமாக வருவது எனக்குப் புதுசாக இருக்கிறது. தொண்டையைச் செருமிக்கொண்டு, கொஞ்சம் உரக்க, சிரிப்போடு வருகிறது.

உனக்குத் தெரியும், பத்தொன்பது வருஷம் நான் அந்த வார்த்தையை ஒட்டித்தான் சம்பாதித்தேன். கம்பெனியில் கடைசி மேஜை என்னுடையது. தைத்து வரும் சட்டையை விளக்கு வெளிச்சத்தில் உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்து, தையல் விட்டிருக்கிறதா, நூல் தொங்குகிறதா, பட்டன் ஓட்டைக்கு நேராக இருக்கிறதா என்றெல்லாம் பார்த்துவிட்டு, ஓகே என்று அச்சடித்த வட்ட ஸ்டிக்கரைக் காலருக்குக் கீழே ஒட்டுவேன். ஸ்டிக்கரில் என் நம்பர் இருக்கும். உன் பள்ளிச் சீருடையிலும் விளையாட்டுக்கு ஒட்டிவிட்டிருக்கிறேன், நீ அதோடேயே வகுப்புக்குப் போய்விட்டு வந்து என்னோடு சண்டை போட்டாய். ஆனால் அந்தக் கம்பெனியில் நடந்த ஒன்றை நான் உன்னிடமும் சொன்னதில்லை, உன் அப்பாவிடமும் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

மிஷினில் ஊசி உடைந்தால் எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. தைக்கிறவள் உடனே கையைத் தூக்கவேண்டும், யாரும் எதையும் நகர்த்தக்கூடாது, உடைந்த துண்டுகளை எல்லாம் பொறுக்கி ஒரு ரெஜிஸ்டரில் முழு ஊசியாகத் தெரிகிற மாதிரி செல்லோடேப் போட்டு ஒட்டவேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்தத் துணிக்கட்டில் இருக்கும் அத்தனை சட்டையும் நின்றுவிடும், புது ஊசி கிடைக்காது. யாரோ ஒரு குழந்தை போட்டுக்கொள்ளப்போகிற சட்டை இல்லையா. ஒருநாள் சரக்கு ஏற்ற வண்டி வாசலில் நிற்கிறது, ஊசி உடைந்துவிட்டது, நுனி மட்டும் கிடைக்கவில்லை, அரிசி அளவுகூட இருக்காது. எல்லோரும் தரையில் தவழ்ந்து தேடினோம். சூப்பர்வைசர் மணியைப் பார்க்கிறார், தைத்த பெண் அழ ஆரம்பித்துவிட்டாள், அவளுக்கு வேலைக்கு வந்து இரண்டாவது மாதம்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? பழைய ஊசி ஒன்றின் நுனியை ஒடித்து அந்த இடத்தில் ஒட்டிவிட்டேன். ரெஜிஸ்டரில் ஊசி முழுசாகிவிட்டது. சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டார், நான் வரிசையாக ஸ்டிக்கர் ஒட்டினேன். அந்தக் காலத்தில் இரும்பு கண்டுபிடிக்கிற மிஷின் எல்லாம் எங்களுக்கு வரவில்லை.

அரைமணி நேரம் கழித்துப் பேக்கிங் அக்கா காலரை அழுத்தி மடிக்கும்போது காணாமல்போன அந்த நுனி அவள் கட்டைவிரலுக்குள் போய்விட்டது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சட்டையைப் பார்த்தாள், என் ஸ்டிக்கரைப் பார்த்தாள். நான் பதறிக்கொண்டு போனபோது விரலை முந்தானையில் சுற்றிக்கொண்டு, "ஓகே, ஒண்ணுமில்ல, நீ போய் வேலையைப் பாரு" என்றாள். என்னைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்றுதான் சொன்னாள். நானும் ஓகே என்று தலையாட்டிவிட்டு என் மேஜைக்குப் போய்விட்டேன், அதுதான் இன்றுவரைக்கும் என்னை உறுத்துகிறது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போயிருக்கவேண்டும். நாலுநாள் அவள் யாரிடமும் சொல்லாமல் மடித்துக்கொண்டே இருந்தாள், விரல் வீங்கிச் சீழ் வைத்து, அப்புறம்தான் ஆஸ்பத்திரி. விரல் தப்பியது, ஆனால் கடைசிவரைக்கும் அந்தக் கட்டைவிரல் முழுசாக மடங்கவில்லை. அவள் எனக்காகச் சொன்ன ஓகேவை நான் எனக்கு வசதியாக இருந்தது என்று வாங்கிக்கொண்டேன். உன் ஓகேவை அப்படி வாங்கிக்கொள்ள எனக்குத் தெம்பு இல்லை, கோபித்துக்கொள்ளாதே.

எங்களைக் கவலைப்படுத்தக்கூடாது என்று நீ நினைப்பது தெரிகிறது. இந்த வயசில் இவர்களால் அங்கே வந்து என்ன செய்யமுடியும், அழுவார்கள், அவ்வளவுதான் என்று நினைத்திருப்பாய். சரி, அழுவேன். அழுதால் அழுதுவிட்டுப் போகிறேன், அதற்காக ஒருவன் தன் கையை அம்மாவிடம் மறைப்பானா? கட்டு யார் பிரித்துக் கட்டுகிறார்கள்? குளிக்கும்போது பிளாஸ்டிக் பை சுற்றிக்கொள்கிறாயா? மாத்திரையை வலி நின்றதும் பாதியில் நிறுத்திவிடாதே, அப்படி நிறுத்துவது உன் பழக்கம். கம்பெனியில் எதையாவது நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னால் அவசரப்பட்டுப் போடாதே, கண்ணாடிக்காரனிடம் ஒருதரம் படித்துக் காட்டச் சொல். கவனமில்லாமல் வேலை செய்தேன் என்று எழுதியிருந்தால் போடவே போடாதே. கையைக் கீழே தொங்கவிடாமல் தலையணைமேல் தூக்கி வைத்துப் படு. சாப்பாட்டை எப்படிச் சாப்பிடுகிறாய் என்று நினைத்தால்தான் எனக்குத் தட்டில் கை வைக்க முடியவில்லை.

இப்போது அப்பா விஷயம். அவருக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறதே என்று நான் மருந்துக் கடையில் கேட்டதை அவரிடம் மூச்சு விடவில்லை. என்னைவிடச் சாமர்த்தியமாக மறைக்க யாரால் முடியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வாரமாகவே அவர் காலையில் கிளம்ப நேரமாகிறது, ஸ்கூல் வேனை எடுங்கள், பிள்ளைகள் காத்திருக்கும் என்று நான் சமையலறையிலிருந்து கத்துவேன், ஓகே ஓகே என்று உள்ளேயிருந்து குரல் வரும், ஆள் வரமாட்டார். நேற்றுக் காலை பொறுக்கமாட்டாமல் கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறார். வலது கையின் மோதிரவிரலையும் சுண்டுவிரலையும் உள்ளங்கையோடு சேர்த்து மடித்துக் கைக்குட்டையால் இறுக்கிக் கட்டியிருக்கிறார், முடிச்சைப் பல்லால் இழுத்திருக்கிறார் போலிருக்கிறது, ஈரமாக இருந்தது. மீதி மூன்று விரலால் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் பூட்டும் சாவியும், ஒரு பேனா, மூடி கழற்றிய பற்பசை. என்னைப் பார்த்ததும் மறைக்கக்கூட இல்லை. கண்ணாடிக்காரன் அவருக்கு முதல் நாளே போன் பண்ணிவிட்டானாம். இரண்டு விரல் போய்விட்டது, அம்மாவிடம் சொல்லவேண்டாம் என்று நீ சொல்லியிருப்பதாகச் சொன்னானாம். அப்பாவிடமும் சொல்லக்கூடாது என்றுதான் நீ சொல்லியிருந்தாய், அந்தப் பையனுக்குத்தான் தாங்கவில்லை, அவனைத் திட்டாதே.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். அப்பா குனிந்தபடியே பட்டனைப் போட்டு முடித்துவிட்டு, "பட்டன் போட முடியுதுடி. சாவி திருப்ப முடியுது. பேனாதான் இதுக்குக் கொஞ்சம் சிரமமா இருக்கு" என்றார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். உன் அப்பா என் எதிரில் அழுது நான் பார்த்ததில்லை, நேற்றும் அழவில்லை. கைக்குட்டையை அவிழ்த்துவிட்டு வேறு இரண்டு விரலை மடித்து, கட்டிவிடு என்று கையை என்னிடம் நீட்டினார். கட்டிவிட்டேன்.

எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உன்னோடு இருக்கும். புண் சீக்கிரம் ஆறட்டும், மனசு அதைவிடச் சீக்கிரம் ஆறட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, தனியாக உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்காதே. பதில் எழுது, இடது கையால் எழுது, கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை, எழுத்துக்கூட்டிப் படித்துக்கொள்வோம். நிறைய எழுதவேண்டாம், எந்த இரண்டு விரல் என்று மட்டும் எழுதிவிடு கண்ணு. தெரியாமல் அப்பா தினமும் மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
உன் வழியையே பார்த்திருக்கும்
அம்மா