நாற்பது என்று எழுதியவள் நான்

ஆய்வகத்து அலமாரியிலிருந்து, நீ தண்ணீர் சாம்பிள் கொண்டுவரும் ஐஸ் பெட்டியை இன்று எடுத்துத் திறந்தேன். கண்மாய்ச் சேற்று வாடை குப்பென்று அடித்தது. எத்தனை முறை கழுவியும் போகாத வாடை. மூடி வைத்துவிட்டு, மேசையில் கிடக்கும் விண்ணப்பத்தைப் பார்க்கப் பிடிக்காமல் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. நம் வேதியியல் துறையில் என்னைப் பார்த்து “போடி இவளே” என்று சொல்ல இப்போது ஆளில்லை.

விஷயம் இதுதான். ஆராய்ச்சி நிதிக்கு மறுபடி விண்ணப்பிக்கச் சொல்லிவிட்டார்கள். நாளை மாலை ஐந்து மணியோடு இணையதளத்தை மூடிவிடுவார்கள். கேள்வி பழைய கேள்விதான்: மேல் கண்மாய் பாயும் வயலில் போட்ட உரம், வடிந்து கீழ்க் கண்மாய்க்கு எவ்வளவு போகிறது? எட்டுக் கண்மாய்களில் பார்க்கிறோம் என்று எழுதிக் கல்லூரி முதல்வரிடம் கையெழுத்துக்கு வைத்தேன். அவர் இரண்டாம் பக்கத்துக்கே போகவில்லை.

“எட்டா? என்ன மேடம், போனதடவ நாப்பது காமிச்சீங்கள்ல? இந்தத் தடவ அறுபதாப் போடுங்க. அப்பத்தான் எடுபடும். காலேஜுக்கு மதிப்பீட்டுக் குழு வேற வருது.”

நாற்பது காட்டியது நான்தானே?

அந்த முதல் விண்ணப்பத்தைத் துறை அறைக் கணினியில் நான் தட்ட, நீ நாற்காலியை இழுத்துப் போட்டுக் கடலை உரித்துக்கொண்டிருந்தாய். முதல் பக்கத்தில் நான் எழுதியிருந்த மூன்று பத்திப் பெருமையையும் அடித்துவிட்டு, “படிக்கிறவருக்கு அஞ்சாவது வரியிலயாச்சும் நாம என்னத்தத் தேடுறோம்னு தெரியணும்டி” என்றாய். அதைக் கேட்டுக்கொண்டேன். கால அட்டவணைக்கு வந்ததும்தான் திமிர் பிடித்தது எனக்கு. நாற்பது கண்மாய், மாதம் ஒரு முறை, பன்னிரண்டு மாதமும் என்று கட்டம் கட்டமாக நிரப்பினேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. “நம்மால ஆகுறத மட்டும் எழுது” என்றாய். “எட்டு கம்மாயக் காட்டுனா எவன் குடுப்பான்? சும்மா இரு” என்று உன் வாயை அடைத்தேன்.

கொடுத்துவிட்டார்கள். வேலையைச் சித்திரையில் தொடங்கினோம். பாட்டிலும் கையுமாக அன்னவாசல் பக்கம் முதல் கண்மாயில் போய் நின்றால், உள்ளே ஆடு மேய்கிறது. மேய்த்துக்கொண்டிருந்த அக்கா நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “தண்ணியா? எங்கிட்டு இருக்கு? ஐப்பசி கழிச்சு வாங்க டீச்சர்” என்றார். கண்மாய்க்கரை ஊரில் பிறந்தவள் நான். கோடையில் கண்மாய் வற்றும் என்பதையே கணினிக் கட்டங்களுக்கு முன்னால் மறந்திருக்கிறேன்! நீ கரையில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தாய். எனக்கு அழுகைதான் வந்தது.

மழை விழுந்த பிறகு உன் ஸ்கூட்டியில் நாற்பதுக்கும் அலைந்தோம். தை மாதத்தில் ஒரு நாள், பொன்னமராவதி ரோட்டில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாய்.

“ஸ்கேன் எடுக்கச் சொல்லிருக்காங்கடி. இந்த மாச சாம்பிள் முடியட்டும், போறேன்.”

இன்றைக்கே போ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். “இன்னும் பதினொண்ணு இருக்கு” என்றேன். நீ வண்டியை எடுத்தாய்.

ஸ்கேன் தள்ளிப்போன அந்த ஒரு மாதத்தால் எதுவும் மாறியிருக்காது என்று டாக்டர் சொன்னாராம். உன் வீட்டுக்காரர் அதை என்னிடம் இரண்டு முறை சொல்லிவிட்டார். எனக்கு மனசு ஆறவில்லை.

இணை ஆய்வாளர் என்று உன் பெயர் இருந்த இடத்தில் இப்போது இயற்பியல் துறை சாரின் பெயர் இருக்கிறது. சர்க்கரைக்காரர், வெயிலில் அரை மணி நேரம் நின்றால் தலை சுற்றும் மனிதர். முதல்வர் அறுபது கேட்கிறார் என்றதும், “நீங்க சரின்னா சரிதான் மேடம், ஓடிருவோம்” என்றார். அறுபது என்று எழுதினால் கையெழுத்து இப்போதே கிடைக்கும். எழுதாவிட்டால் விண்ணப்பமே போகாது, நாம் பாதியில் விட்ட வேலை அப்படியே கிடக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுகிறதுடி.

மதியம் மறுபடி முதல்வர் அறைக்குப் போனேன்.

“எட்டுதான் சார். சித்திரையிலருந்து ஐப்பசி வரைக்கும் தண்ணி இருக்காது, சாம்பிளும் எடுக்க மாட்டோம். அதையும் எழுதிருக்கேன்.”

“இல்லாததையெல்லாமா எழுதிக் குடுப்பாங்க?” என்று கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தார்.

தாளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நாளைக் காலையில் மறுபடி போய் நிற்பேன். கையெழுத்துப் போடுவாரோ மாட்டாரோ தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. உன் உழைப்பு என் பிடிவாதத்தால் வீணாய்ப் போனால் அந்தப் பழியும் என் தலையில்தான். ஆனாலும் எட்டை மாற்ற மாட்டேன். உன்னிடம் “இன்னும் பதினொண்ணு இருக்கு” என்று சொன்ன வாய் இது. இன்னொருவரிடம் அதைச் சொல்ல இந்த வாய்க்கு வராது.